இனிப்பு வீடும் உவமை இலக்கணமும்

கிரிம் உடன்பிறந்தார் 1812இல் வெளியிட்ட ‘ஹான்சலும் கிரெட்டலும்’ என்ற ஜெர்மானியக் கதையில் வரும் இனிப்பு வீட்டை இன்று கணினியில் வனைவோர் பலர். வடிவை அமைத்து, அதன்மேல் படத்தைத் தோல்போலப் போர்த்துவர். இம்முறையை எட்வின் கேட்மல் 1974இல் தம் ஆய்வேட்டில் விளக்கினார்.

தொல்காப்பியர் உவமைக்குக் கூறிய மெய், உரு, வினை, பயன் என்னும் நான்கும் இக்கலைக்கும் உரைகல்லாகும். வடிவு மெய், போர்த்திய வண்ணம் உரு. இவ்விரண்டோடு நின்றால் சர்க்கரைச் சன்னல் சாயம் பூசிய பலகையாகவே தோன்றும். ஒளி சர்க்கரையினுள் புகுந்து, சிதறி, வேறிடத்தே வெளிப்படும். அஃது அதன் வினை. அதனை எளிதிற் கணிக்கும் வழி 2001இல் வகுக்கப்பெற்றமையால் அக்குறை பெரிதும் தீர்ந்தது.

தீராத குறை பயனிலே உளது. கதையில் சுவர் ரொட்டி; கூரை கேக்; சன்னல் மட்டுமே சர்க்கரை. வீட்டில் உணவின்மையால் காட்டில் விடப்பட்ட பிள்ளைகள் பசியோடு அங்கு வருகின்றனர். ஆகவே அச்சுவர் காட்ட வேண்டுவது பசி தீருமென்ற நம்பிக்கை. இன்று காணும் படங்கள் பலவோ ரொட்டியை நீக்கிப் பலநிற மிட்டாய்களை ஒட்டுகின்றன. பசி மறைந்து பண்டிகை தோன்றுகிறது. பசித்தார்க்கு விரித்த வலையென்னும் கொடுமையும் உடன் மறைகிறது.

கணினி ஓவியம் பழகும் மாணவர்க்குக் கதையை முதலில் முழுதும் படிப்பித்தல் தமிழாசிரியர் கடனாம்.