மாதிரி விமானத்தில் எதைத் தொங்கவிடுவது?

இந்திய விமானப்படையிலிருந்து மிக்-21 போர் விமானம் 2025 செப்டம்பர் 26ஆம் நாள் சண்டிகரில் விடைபெற்றது. 1963இல் அதே நகரில்தான் அது முதன்முதலில் படையில் சேர்க்கப்பட்டது. அறுபத்திரண்டு ஆண்டுப் பணி அது. இதையொட்டி ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில் மாணவர்கள் மிக்-21 மாதிரிகளைச் செய்து வைத்திருந்தனர். நடுவர் மூவரில் நானும் ஒருவன்.

முதற்பரிசு பெற்ற மாதிரி கண்ணைப் பறித்தது. 1:72 அளவில் செய்யப்பட்ட அதன் இறக்கையின் கீழ் இரண்டு ஏவுகணைகள், இரண்டு 500 கிலோ குண்டுகள். வயிற்றின் கீழ் எரிபொருள் கலம். அதற்கு முன்னால் ஒரு துப்பாக்கிக் கூடு. அடியில் ஓர் அட்டை: ‘மிக்-21 எஃப்.எல்., டாக்கா, 1971’. பக்கத்து மேசையில் அதே விமானத்தை ஒரு மாணவி செய்து வைத்திருந்தாள். அதன் இறக்கையின் கீழ் இரண்டு ராக்கெட் கூடுகள் மட்டுமே இருந்தன. “ஏனம்மா, மற்றவற்றை ஒட்ட நேரமில்லையா?” என்று கேட்டேன். “இறக்கையில் இதற்கு மேல் இடமே கிடையாது ஐயா” என்றாள். நான் சிரித்துக்கொண்டே நகர்ந்தேன். ‘முழுமை பெறவில்லை’ என்று குறித்து மதிப்பெண்ணையும் குறைத்தேன்.

அன்றிரவு அவளுடைய சொல் மனத்தை உறுத்தியது. நூல்களையும் படங்களையும் எடுத்துப் பார்த்தேன். அவள் சொன்னதே சரி. எங்கள் தீர்ப்பு எங்கே பிழைத்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். பிழை அந்த மாணவனுடையது மட்டுமன்று. மாதிரிப் பெட்டியின் செய்முறைத் தாளுக்கும், பார்த்துப் பாராட்டும் நம் கண்ணுக்கும் அதில் பங்கு உண்டு.

இடம் எத்தனை?

மிக்-21 என்பது ஒரே விமானத்தின் பெயரன்று. அது ஒரு குடும்பத்தின் பெயர். 1971இல் இந்தியா பயன்படுத்தியது எஃப்.எல். என்னும் வகை. அதன் ஒவ்வோர் இறக்கையின் கீழும் ஒரே ஒரு தாங்கிதான் உண்டு. வயிற்றின் நடுவில் இன்னொன்று. ஆக, மொத்தம் மூன்று இடங்கள். இறக்கைக்கு இரண்டாக நான்கு தாங்கிகள் கொண்ட எம் வகை நம் படைக்கு அதற்குப் பின்னரே வந்தது. பரிசு பெற்ற மாதிரி, எஃப்.எல். உடலில் பிந்தைய வகையின் இறக்கைத் தாங்கிகளைப் பொருத்தியிருந்தது.

இது எவ்வாறு நேர்கிறது? ஒரே பெட்டியைக் கொண்டு பல வகைகளைச் செய்யும்படி பாகங்களைச் சேர்த்து விற்பது இத்தொழிலில் வழக்கம். பெட்டியில் இருப்பவை எல்லாம் ஒரு விமானத்துக்கு உரியவை அல்ல. ஆனால் செய்முறைத் தாளோ ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் அம்புக்குறியைப் போட்டு, ‘இங்கே ஒட்டுக’ என்று காட்டிவிடுகிறது. ‘இது அல்லது அது’ என்னும் சொல்லை அதில் தேடினாலும் காண்பதரிது. விருந்தில் இலை போட்டுப் பரிமாறியதைப் போல எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போவதே அதன் முறை.

வயிற்றுக்கு அடியில் இதைவிடப் பெரிய முரண் இருந்தது. எஃப்.எல். வகையில் உட்பொருத்திய துப்பாக்கி கிடையாது. தொடக்கத்தில் வெப்பம் தேடும் கே-13 ஏவுகணைகள் இரண்டையே அது நம்பியிருந்தது. நெருங்கிச் சுழன்று போரிடும்போது அது போதாது என்பது உணரப்பட்ட பிறகு, ஜி.பி.-9 என்னும் கூட்டை வயிற்றின் நடுத்தாங்கியில் பொருத்தினார்கள். அதனுள் 23 மி.மீ. இரட்டைக் குழல் துப்பாக்கியும் 200 தோட்டாக்களும் இருந்தன. எரிபொருள் கலத்தின் இடமும் அதே நடுத்தாங்கிதான். எனவே துப்பாக்கி வேண்டுமென்றால் கலம் இல்லை. கலம் வேண்டுமென்றால் துப்பாக்கி இல்லை. பரிசு பெற்ற மாதிரியில் இரண்டும் ஒன்றன் முன் ஒன்றாக இருந்தன. உண்மையில் ஒரு விமானி இவ்விரண்டில் ஒன்றையே பெற முடியும். ‘தொலைவா, துப்பாக்கியா?’ என்பது அந்நாளில் உயிரைத் தொட்ட கேள்வி. அந்தக் கேள்வியையே மாதிரி அழித்துவிட்டது.

எடையும் காற்றும்

ஒரு வாதத்துக்காக, இடம் இருந்தது என்றே கொள்வோம். அப்போதும் கணக்கு என்ன சொல்கிறது? இரண்டு குண்டுகள் 1,000 கிலோ. 490 லிட்டர் கலம் நிரம்பியிருந்தால், லிட்டருக்கு 0.8 கிலோ வீதம், எரிபொருள் மட்டும் ஏறத்தாழ 390 கிலோ. ஏவுகணைகளையும் சேர்த்தால் துப்பாக்கிக் கூட்டைக் கணக்கில் கொள்ளாமலேயே ஏறத்தாழ ஒன்றரை டன். வெறும் விமானத்தின் எடையோ ஐந்து டன்னை ஒட்டியது. ஆறு பேர் ஏற வேண்டிய வண்டியில் எட்டுப் பேர் ஏறியதற்கு ஒப்பான சுமை இது. ஓடுபாதையில் நீண்ட தூரம் ஓட வேண்டும், மேலே ஏறுவது மெதுவாகும், திரும்புவது கடினமாகும்.

எடையைக் காட்டிலும் ஏமாற்றுவது காற்றின் தடை. வேகம் இரு மடங்கானால் தடை நான்கு மடங்காகும் என்று பாடநூலில் படிக்கிறோம். வழவழப்பான ஊசி போன்ற உடலை வடிவமைப்பாளர் உருவாக்கியிருக்க, அதன் அடியில் ஒவ்வொரு பொருளைத் தொங்கவிடும்போதும் காற்று அதைப் பிடித்துப் பின்னே இழுக்கிறது. அதை வெல்ல எரிபொருள் மிகுதியாகச் செலவாகும். மிக்-21இன் உடலுக்குள் இருப்பது மூவாயிரம் லிட்டருக்கும் குறைவான எரிபொருளே. ஆகவே ஆயுதத்தைக் கூட்டினால் தொலைவு குறையும் என்பது மாற்ற முடியாத கொடுக்கல் வாங்கல்.

மூன்றாவது, சமநிலை. காவடியின் இருபுறமும் ஒத்த எடை இருந்தால்தான் தோளில் நிற்கும். இறக்கையும் அத்தகையதே. அதனால்தான் இடப்பக்கம் எதுவோ, வலப்பக்கமும் அதற்கு நிகரானதே பெரும்பாலும் தொங்கும்.

ஆனால் இவ்விதிக்கும் விலக்கு உண்டு. 1967 ஜனவரி 2ஆம் நாள் வட வியட்நாமின் மேல் அமெரிக்கர் ‘போலோ’ என்னும் பெயரில் ஒரு சூழ்ச்சி நடத்தினர். தங்கள் பேன்டம் விமானங்களைக் குண்டுவீச்சு விமானங்களைப்போல் எதிரியின் ராடாருக்குத் தோன்றச் செய்வதே திட்டம். அதற்காக ராடாரைக் குழப்பும் கருவிக் கூடு ஒன்றை வலப்பக்க இறக்கையின் வெளித்தாங்கியில் பொருத்தினர். இடப்பக்க வெளித்தாங்கியிலோ எரிபொருள் கலம். இருபுறமும் ஒவ்வாத இச்சுமையுடன் பறப்பது விமானிகளுக்குத் தொல்லையே. இருந்தும் அன்று ஏழு மிக்-21களை வீழ்த்தியதாக அவர்கள் அறிவித்தனர். அன்றைய பேன்டத்தை இருபுறமும் ஒத்த அழகுடன் செய்து வைத்தால் அதுவும் பிழையே. விதி தெரிந்திருக்க வேண்டும். எந்த நாளில், எதற்காக அது மீறப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

பணி எது?

ஒரு விமானம் ‘எல்லாவற்றையும்’ செய்யக் கிளம்புவதில்லை. ஒரு பணியைச் செய்யவே கிளம்புகிறது. டாக்காவையே எடுத்துக்கொள்வோம். 1971 டிசம்பரின் முதல் வாரத்தில் தேஜ்கான் விமானத்தளத்தின் ஓடுபாதையை உடைக்க மிக்-21கள் 500 கிலோ குண்டுகளைச் சுமந்தன. கனத்த ஓடுபாதையைப் பிளக்கக் கனத்த குண்டே வேண்டும். டிசம்பர் 14ஆம் நாள் இலக்கு வேறு: டாக்காவின் ஆளுநர் மாளிகை. அன்று கவுஹாத்தியிலிருந்து வந்த 28ஆவது படையணியின் மிக்-21கள் எய்தவை 57 மி.மீ. ராக்கெட்டுகள். ஒரு கூட்டில் 16. இறக்கைக்கு ஒரு கூடு. ஆக, விமானம் ஒன்றுக்கு 32. நகரின் நடுவில் ஒரு கட்டடத்தைக் குறிவைக்கும் பணிக்கு ஓடுபாதையை உடைக்கும் குண்டு பொருந்தாது. அன்றே கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநர் பதவி விலகினார். இரண்டு நாளில் போர் முடிந்தது.

அதே போரில் மேற்கே, டிசம்பர் 12ஆம் நாள், கட்ச் வளைகுடாவின் மேல் 47ஆவது படையணியின் மிக்-21 ஒன்று பாகிஸ்தானின் எஃப்-104 விமானத்தை வீழ்த்தியது. இறுதி அடி கொடுத்தது வயிற்றில் தொங்கிய துப்பாக்கிக் கூடே. அந்த விமானத்தைச் செய்பவர் கூட்டை ஒட்டத்தான் வேண்டும். குண்டை ஒட்டக் கூடாது. ஒரே விமானம், ஒரே போர், ஒரே மாதம்; ஆயினும் மூன்று பணிகளுக்கு மூன்று சுமைகள். மாணவனின் மாதிரியோ மூன்றையும் கலந்துவிட்டதால் மூன்றில் எதுவாகவும் இல்லாமற் போயிற்று.

காலமும் ஒரு தாங்கியே

அம்மாதிரியில் இருந்த ஏவுகணைகள் கே-13 அல்ல; உருவில் சிறிய ஆர்-60. அது 1971க்குப் பிறகு வந்த ஆயுதம். 1971இன் விமானத்தில் அதைத் தொங்கவிடுவது, சுதந்திரப் போராட்ட நாடகத்தில் தொலைக்காட்சிப் பெட்டி வைப்பதற்குச் சமம்.

இத்தவறு நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 1982இல் ஃபாக்லாந்துப் போரில் பிரிட்டனின் சீ ஹாரியர்கள் இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சைடுவிண்டர் ஏவுகணைகளையே சுமந்து போரிட்டன. நான்கைச் சுமக்க உதவும் இரட்டைத் தண்டுகள் போர் முடிந்த பிறகே பணிக்கு வந்தன. நான்கு ஏவுகணைகளுடன் ‘1982 மே’ என்று அட்டை எழுதினால், இரண்டே ஏவுகணைகளுடன் கப்பலிலிருந்து கிளம்பிய விமானியின் இக்கட்டு மறைந்துபோகிறது. அவன் இரண்டையும் எய்துவிட்டால் மிஞ்சுவது துப்பாக்கி மட்டுமே. அதுதான் அப்போரின் உண்மை.

‘பொம்மைதானே?’

இங்கே ஒரு மறுப்பு எழும். பதினான்கு வயது மாணவன் ஆசையோடு ஒட்டிய பொம்மையில் இவ்வளவு குற்றம் காணலாமா? வரவேற்பறை அலமாரியில் வைப்பதானால் காண வேண்டியதில்லை. அவரவர் விருப்பம் அது. ஆனால் அட்டையில் ஊரையும் ஆண்டையும் எழுதி அறிவியல் கண்காட்சியில் வைத்தவுடன், அது பொம்மை என்ற நிலையிலிருந்து சான்று என்ற நிலைக்கு வந்துவிடுகிறது. தவளையின் இதயத்துக்கு நான்கு அறைகள் வரைந்தால், வண்ணம் அழகாக இருக்கிறது என்று பரிசு கொடுப்போமா?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவை அணிகலன்கள் அல்ல. ஒவ்வொன்றும் ஓரிடத்தில் விழுந்தது; அங்கே மனிதர்கள் இருந்தார்கள். எண்ணிக்கையைக் கூட்டி அழகு பார்க்கும்போது ஆயுதம் தோரணமாகிவிடுகிறது. இரண்டே கூடுகளைத் தொங்கவிட்டு, ‘இந்த நாளில், இந்தக் கட்டடத்தின் மேல், 32 ராக்கெட்டுகள்’ என்று எழுதும்போதுதான் பார்ப்பவன் நின்று எண்ணிப் பார்க்கிறான்.

எப்படித் தேர்வது?

மாதிரி செய்ய விரும்பும் மாணவர்கள் பசையைத் திறக்குமுன் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதிக்கொள்ளட்டும். இது எந்த வகை? எந்த ஆண்டு, எந்தப் படையணி? அன்றைய பணி என்ன? ஒவ்வொரு தாங்கியிலும் ஒன்றுக்கு மேல் வைக்காமல் அப்பணிக்குத் தேவையானது எது? விடை கிடைத்த பின், அக்காலத்துப் புகைப்படத்தோடு ஒப்பிட வேண்டும். அதிலும் எச்சரிக்கை தேவை. நுழைவாயிலில் நிறுத்தப்பட்ட பழைய விமானத்தையோ, விமானக் கண்காட்சியில் ஆயுதங்களைப் பரப்பி எடுத்த படத்தையோ நம்பக் கூடாது. அவை ‘எவற்றைச் சுமக்கலாம்’ என்று காட்டுபவை. ‘அன்று எதைச் சுமந்தது’ என்று காட்டுபவை அல்ல.

சிறு பொருள்களிலும் ஒழுங்கு வேண்டும். ஏவுகணையின் மூக்கில் பாதுகாப்பு மூடி இருக்குமானால், விமானம் இன்னும் தரையில் காத்திருக்கிறது என்று பொருள். அப்போது விமானியை உள்ளே அமர்த்திக் கூண்டை மூடி, சக்கரங்களை மடக்கிப் பறப்பதுபோல் நிறுத்தக் கூடாது. போரிலிருந்து திரும்பும் விமானத்தைக் காட்ட விரும்பினால், ஒரு தாங்கியை வெறுமையாக விடலாம். அந்த வெற்றிடமே ஒரு கதை சொல்லும்.

அளவையும் மறக்க வேண்டாம். மிக்-21இன் இறக்கை விரிவு 7.15 மீட்டர், 1:72இல் அது பத்து சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவு. 57 மி.மீ. ராக்கெட் அந்த அளவில் 0.8 மி.மீ. தடிப்பே உடையது. அந்த மாணவி கூட்டின் முகப்பில் பதினாறு துளைகளையும் ஊசியால் குத்தியிருந்தாள். அதையும் நான் அன்று கவனிக்கவில்லை.

பரிசைத் திரும்பப் பெற இயலாது. அந்த மாணவனின் கைத்திறனும் குறைந்ததன்று. ஆனால் மாணவியின் மாதிரியே சரியானது என்றும், என் மதிப்பெண்தான் பிழை என்றும் பள்ளிக்கு எழுதிவிட்டேன். அடுத்த கண்காட்சியில் மாதிரியோடு ‘ஏன் இதைத் தேர்ந்தேன்?’ என்ற அரைப்பக்கக் குறிப்பையும் கேட்குமாறு வேண்டியிருக்கிறேன். நடுவர்கள் முதலில் அதைப் படித்துவிட்டுப் பிறகு மாதிரியைப் பார்க்கட்டும்.