கொழுந்து ஆய்தலும் சொல் ஆய்தலும்

பகாங் மாநிலத்தின் வடமேற்கு எல்லையில் உயர்ந்து நிற்கும் கேமரன் மலை, 1885-இல் அப்பகுதியை அளக்கச் சென்ற வில்லியம் கேமரனின் பெயரால் வழங்குகிறது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் என்பார் அங்குப் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். 1933-இல் பாரத் தோட்டம் எழுந்தது. காடழித்துச் சரிவுகளில் கன்று நட்டவருள்ளும், கூடை சுமந்து கொழுந்து எடுத்தவருள்ளும் தமிழர் பெருந்தொகையினர். தோட்டத்தின் கணக்கு ஆங்கிலத்தில் நடந்தது. வேலை தமிழில் நடந்தது. ஆதலின் தேயிலைத் தொழிலுக்குத் தமிழில் சொல் இல்லை என்று கருதுவது பொருந்தாது. எனினும் அத்தொழிலைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பலர், மலையில் வழங்கும் சொல்லை விட்டு ஆங்கில அகராதியின் துணையையே நாடுகின்றனர். அதனால் நேரும் பிழைகள் சில, சொற்பிழை என்ற அளவில் நில்லாமல் பொருட்பிழையாகவும் முடிகின்றன.

முதலில் 'பிளக்கிங்' என்ற சொல்லைக் காண்போம். பறித்தல் என்று பெயர்ப்பது தவறன்று. ஆனால் இலங்கைத் தமிழர் இதனைக் கொழுந்து ஆய்தல் என்றும் கூறுவர். ஆய்தல் என்பது பறித்தலோடு தெரிந்தெடுத்தலையும் குறிக்கும். கீரையை ஆய்வதும் அப்படியே. இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள தளிரைத் தேர்ந்து, முற்றிய இலையை விலக்கி எடுக்கும் செயலுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேண்டுவதில்லை. ஆங்கிலச் சொல்லில் இந்தத் தேர்வு இல்லை. மூலத்தைவிட மொழிபெயர்ப்பு நிறைவாக அமையும் இடங்களுள் இது ஒன்று.

இதனோடு சேர்ந்த இன்னொரு சொல் 'பான்ஜி'. தளிர்க்காமல் அடங்கி நிற்கும் மொட்டுக்குத் தோட்டத் துரைமார் இட்ட பெயர் இது. இதனை ஆங்கிலம் என்று எண்ணி அப்படியே தமிழில் எழுதுவோர் உளர். உண்மையில் அவர்கள் அதனை இந்தியிலிருந்து எடுத்துக்கொண்டனர். பாஞ்ச் என்றால் மலடு; வடமொழி வந்த்யா, தமிழ் அகராதிகள் தரும் வந்தி ஆகியவை அதன் உறவுச் சொற்கள். அங்ஙனமாயின் மலட்டு மொட்டு எனலாமோ? எனலாம், ஆனால் அம்மொட்டு மலடன்று. சில காலம் அடங்கியிருந்து மீண்டும் தளிர்க்கும். உறங்கு மொட்டு என்பதே செடியின் இயல்புக்கு ஒத்தது.

தொழிற்சாலைக்குள் வந்த கொழுந்தை முதலில் பரப்பி, காற்றுச் செலுத்தி, ஈரம் குறையுமாறு செய்வர். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை ஆகும். இதற்கு ஆங்கிலத்தில் 'விதரிங்', தமிழில் வாட்டல். இதில் இடர்ப்பாடு இல்லை. வாழையிலையை வாட்டிச் சோறு கட்டுவோர்க்கு இச்சொல்லை யாரும் விளக்க வேண்டியதில்லை.

இந்த எளிமையின் அருமை, இத்தாலியரின் திராட்சை மதுவைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுவோர் படும் பாட்டைக் கண்டால் புலப்படும். வெரோனா நகரை அடுத்த வல்போலிசெல்லாவில், பறித்த திராட்சைக் குலைகளை மூன்று நான்கு மாதம் பரண்களில் பரப்பி வைப்பர். பழம் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்து சுருங்கிய பின்னரே பிழிவர். இச்செயலை இத்தாலியர் அப்பசிமெந்தோ என்பர். வாடுதல் என்பதே அதன் நேர்ப்பொருள். ஆங்கிலேயரிடம் தேயிலைக்கென 'விதரிங்' என்ற சொல் ஆயத்தமாக இருந்தும், மது நூல்களில் அதனை இடாமல், உலர்த்தல் என்று பொதுப்படச் சொல்வர், அல்லது இத்தாலியச் சொல்லையே வைப்பர். ஆங்கில வழக்கில் அச்சொல்லோடு அழிவின் நிழல் படிந்திருப்பதே காரணமாகலாம். விலையுயர்ந்த மதுவுக்கு அது ஒவ்வாது. இத்தாலியில் பழம் பறிக்கும் பருவத்துக்கு வெந்தெம்மியா, விளைந்த ஆண்டுக்கு அன்னாட்டா என்று இரு சொற்கள் உண்டு. ஆங்கிலத்தின் 'விண்டேஜ்' இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. செல்வமிக்க மொழியென்று பெயர் பெற்ற ஆங்கிலமே இப்படித் தடுமாறும்போது, அதன் சொல்லை அளவுகோலாகக் கொண்டு தமிழை அளப்பது எவ்வளவு சரி?

வாட்டிய இலையை இயந்திரத்தில் இட்டு நசுக்கி முறுக்குவர். 'ரோலிங்' என்று ஆங்கிலம் சொல்வதால் உருட்டல் என்று எழுதுகின்றனர். உருள்வது இயந்திரம், இலைக்கு நேர்வது கசங்கல். இலையின் நுண்ணறைகள் உடைந்து சாறு வெளிப்பட வேண்டும் என்பதே நோக்கம். கசக்கல் என்றால் போதும்.

பெரும்பிழை அடுத்த படியில் உள்ளது. கசங்கிய இலையைக் காற்றுப்படப் பரப்பி வைத்தால், பச்சை நிறம் மாறிச் செம்பு நிறம் ஏறும், மணம் பிறக்கும். இதனை ஆங்கிலத்தில் 'பெர்மென்டேஷன்' என்று பல்லாண்டாகக் கூறி வருகின்றனர். தமிழில் நொதித்தல் என்றும் புளிக்க வைத்தல் என்றும் பெயர்த்துவிட்டனர். ஆங்கிலச் சொல்லின் இலத்தீன் வேர் கொதித்தலைக் குறிப்பது. மதுச்சாறு நுரைத்துப் பொங்குவதைக் கண்டு எழுந்த பெயர். அங்கே நுண்ணுயிர்கள் சர்க்கரையை உண்டு சாராயத்தை உண்டாக்குகின்றன. கள் புளிப்பதிலும் மாவு புளிப்பதிலும் நுண்ணுயிர்களே தொழிற்படுகின்றன. மலாய் மொழியின் பெனாப்பாயான் என்ற சொல்லும், ராகி சேர்த்துப் புளிக்கவைக்கும் தாப்பாய் என்ற உணவின் பெயரடியாகப் பிறந்ததே. தேயிலையிலோ இவ்வேலைக்கு நுண்ணுயிர் வேண்டுவதில்லை. இலையிலேயே உள்ள நொதி ஒன்று, காற்றிலுள்ள ஆக்சிஜனைத் துணைக்கொண்டு கேட்டகின் என்னும் பொருள்களை மாற்றுகிறது. இது நொதியின் வேலை என்பதை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அசாமில் ஹரால்டு மான் போன்றோர் ஆராய்ந்து எழுதினர். தேநீரின் செந்நிறத்துக்குக் காரணமான தியாபிளேவின், தியாருபிஜின் ஆகியவற்றை 1950-களில் ராபர்ட்ஸ் என்பார் விளக்கினார். ஆங்கிலத்திலும் அறிவியலார் இப்போது இதனை ஆக்சியேற்றம் என்றே குறிக்கின்றனர்.

நொதி தொழிற்படுவதால் நொதித்தல் என்பது சரியே என்று வாதிடுவாரும் இருப்பர். அவ்வாறாயின் வயிற்றில் சோறு செரிப்பதையும் நொதித்தல் என்றே சொல்ல வேண்டிவரும். மேலும், சீனத்தின் யுன்னான் பகுதியில் விளையும் புயர் என்னும் தேயிலையை உண்மையாகவே நுண்ணுயிர்களைக் கொண்டு பதப்படுத்துகின்றனர். நொதித்தல் என்ற பெயரை எல்லாத் தேயிலைக்கும் கொடுத்துவிட்டால் புயருக்கு என்ன பெயர் வைப்பது? கேமரன் மலையில் ஒரு தமிழ்ப்பள்ளி மாணவன், அறிவியல் பாடத்தில் நொதித்தலால் சாராயம் உண்டாகும் என்று படித்துவிட்டு, அன்று மாலையே தன் பாட்டி கொழுந்தெடுத்த தேயிலையும் நொதித்ததே என்று படித்தால், இரண்டில் ஒன்றைத் தவறாகவே விளங்கிக்கொள்வான்.

வாழைக்காயையும் கத்தரிக்காயையும் அரிந்து தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துப்போகும் என்பதை அறியாத தமிழ்ப் பெண் இல்லை. இலையில் நிகழ்வதும் அதே வகை மாற்றந்தான். கறுத்தல் என்று தேயிலைக்குச் சொல்லத் தயங்கினால், சிவத்தல் இருக்கிறது. மருதாணி இலையை அரைத்துக் கையில் அப்பிச் சில நாழிகை பொறுத்திருந்து, சிவந்ததா என்று கேட்பது வழக்கம். வேதியியல் வேறுதான், ஆனால் இலையைக் கசக்கி வைத்து நிறம் ஏறக் காத்திருக்கும் காட்சி ஒன்றே. சீனரும் இத்தேயிலையைச் செந்தேயிலை என்றே வழங்குகின்றனர். கறுப்பு என்றவர் ஐரோப்பியர். பாடநூலில் ஆக்சியேற்றம், பொதுநூலில் சிவக்க வைத்தல் என்று கொள்வதில் குழப்பத்துக்கு இடமில்லை.

இன்று கேமரன் மலையில் கத்தரியும் இருவர் பிடிக்கும் இயந்திரமும் கொழுந்தை வெட்டுகின்றன. அவற்றைப் பிடிக்கும் கைகளுள் பல வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவை. தமிழ்க் குடும்பங்களின் இளையோர் பலர் நகரங்களுக்குச் சென்றுவிட்டனர். லயங்களில் வழங்கிய சொற்களை எழுதிவைக்கும் வாய்ப்பு, அவற்றை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் உள்ளவரைதான். ரிங்லெட்டிலும் தானா ராத்தாவிலும் பணிபுரியும் தமிழாசிரியர்க்கு அம்முதியோர் தொலைவில் இல்லை.

சுவைச் சொற்களைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். தேநீரைச் சுவைத்து மதிப்பிடுவோர் 'பஞ்சன்ட்' என்று ஒரு சொல் வழங்குவர். அகராதி அதற்குக் காரம் என்று பொருள் தரும். தேநீரில் ஏது காரம்? அவர்கள் குறிப்பது, கசப்பின்றி நாவைப் பற்றும் துவர்ப்பை. இத்தாலியர் மதுவில் அச்சுவை மிகும்போது அல்லப்பாந்தே என்பர். ஆங்கிலத்தார் வாய் சுருங்குவதாகச் சுற்றி வளைத்துச் சொல்வர். அறுசுவையுள் துவர்ப்பை ஒன்றாக எண்ணிவைத்த தமிழில் எழுதுவோர், அதனை விட்டுவிட்டுக் காரமான தேநீர் என்று மொழிபெயர்த்தால், படிப்பவர் இஞ்சி தட்டிப் போட்ட தேநீரையே நினைப்பர்.