பழைய வானொலிப் பெட்டியின் கவர்ச்சி: கல்முனைக் கரையிலிருந்து ஒரு நோக்கு

ஐக்கிய அமெரிக்காவில் 1958ஆம் ஆண்டில், 27 மெகாஹேர்ட்ஸ் அலைப்பகுதியிற் சாதாரண மக்களின் உபயோகத்துக்கென வகுக்கப்பட்ட சி.பி. வானொலி, அதாவது குடிமக்கள் அலை வானொலி, இன்று விநோதமானதொரு மறுவாழ்வைப் பெற்றுள்ளது. 1977இல் அதன் அலைவழிகள் 40 ஆக விரிக்கப்படுமுன்னர், 23 அலைவழிகளுடன் விற்கப்பட்ட கருவிகளைத் தேடி வாங்கித் துடைத்துத் திருத்தி வைத்திருப்போர் அங்கு பலர். புதிய கருவிகள் சிறியன; மலிவானவை; 2021இல் பண்பலை முறைக்கும் அனுமதி கிடைத்தமையால் இரைச்சலும் குறைந்தவை. அவ்வாறிருந்தும் பழையனவே மேலானவை என்ற குரல் ஓயவில்லை.

இக்குரலை வெறும் பழமை மோகம் என ஒதுக்கிவிடுவது எளிது. எனினும் அது மொழியும் காரணங்களைப் பிரித்து நோக்குதல் பயனுடைத்து. ஏனெனில் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில், மருதமுனை முதல் பொத்துவில் வரை, பழைய வால்வு றேடியோவைப் பற்றி முதியோர் கூறுவனவும் ஏறத்தாழ இவையே.

முதலாவது காரணம் ஒலியின் இனிமை. சி.பி.யைப் பொறுத்தவரை இது பெரிதும் நினைவின் வேலை எனலாம். 10 கிலோஹேர்ட்ஸ் இடைவெளியில் அடுத்தடுத்து அமைந்த அலைவழிகளிற் பேச்சொலியின் நடுப்பகுதி மட்டுமே செல்லும்; பெட்டி பழையதாயினும் புதியதாயினும் அவ்வெல்லை மாறுவதில்லை. வால்வு வானொலியின் நிலை சற்று வேறு. அகன்ற ஒலிபெருக்கியும் மரப்பேழையும் தாழ்ந்த சுரங்களுக்கு ஒரு கனத்தைக் கொடுத்தன என்பது உண்மையே. ஆனால் அக்கனம் பெட்டியின் கொடையேயன்றி ஒலிபரப்பின் கொடையன்று.

இரண்டாவது காரணம் திருத்தக்கூடிய தன்மை. வால்வு எரிந்தால் அதனைக் கழற்றி வேறொன்றைச் செருகலாம். பற்றாசு விட்ட இடங்களைக் கண்ணாற் காணலாம். இன்றைய கருவியின் உள்ளே நகக்கண்ணளவான உறுப்புகள் பலகையோடு ஒட்டிக் கிடக்கின்றன; திருத்துவோன் பலகையையே மாற்றுகின்றான். இக்காரணம் வலிதானது. ஆயின் திருத்திப் பேணும் பண்பை ஒரு பண்டைய அறமாகப் போற்றுவோர், அது எந்தச் சூழலில் விளைந்தது என்பதை மறந்துவிடுகின்றனர். இலங்கையில் 1970 முதல் 1977 வரை நிலவிய இறக்குமதிக் கட்டுப்பாடுகளின்போது, பழுதானதைத் திருத்துவதன்றி வேறு வழி பெரும்பாலோருக்கு இருக்கவில்லை. 1977இற்குப் பின் சந்தை திறக்கப்பட்டதும், வளைகுடா நாடுகளுக்குத் தொழில் நாடிச் சென்றோர் ஒலிநாடாவுடன் கூடிய றேடியோக்களைச் சுமந்து திரும்பியதும், மரப்பெட்டி முன்மண்டபத்திலிருந்து பரணுக்கு ஏறிற்று. அதனை ஏற்றியவர்களிற் பலரே இன்று அதற்காக ஏங்குகின்றனர்.

மூன்றாவது காரணமே ஆழ்ந்த ஆய்வுக்குரியது. பழைய கருவி மனிதரை ஒன்றுசேர்த்தது என்பதே அது.

மின்சாரம் எல்லா வீடுகளையும் எட்டாதிருந்த காலத்தில் வானொலி ஓர் ஊர்ப் பொருளாக இருந்தது. அதனை வைத்திருக்க அனுமதிப்பத்திரம் வேண்டும், விலையும் அதிகம். ஆகவே வசதி படைத்தோர் வீட்டிலும் தேநீர்க் கடையிலும் இருந்த பெட்டியைச் சுற்றியே கேட்போர் கூடினர். 1925 டிசம்பரில் கொழும்பில் முறையாகத் தொடங்கிய ஒலிபரப்பு, பின்னர் இலங்கை வானொலியாகவும், 1967 முதல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்து, கரைவலைத் தோணி இழுத்துவிட்டு வந்தவனையும் நெற்காணிச் சொந்தக்காரனையும் ஒரே வாங்கில் அமர்த்திற்று. இச்சித்திரத்தில் மெய்யுண்டு.

ஆனால் அந்த வாங்கில் அமர்ந்திருந்தோர் யார்? ஆண்கள். தேத்தண்ணிக் கடையின் பொதுமை ஆண்களின் பொதுமையே. தோளில் தொங்கவிடத்தக்க டிரான்சிஸ்டர் வந்த பின்னரே, அடுப்படியிலும் பாய் இழைக்கும் திண்ணையிலும் வானொலி தாராளமாக ஒலிக்கத் தொடங்கியது. முஸ்லிம் சேவையின் ‘மாதர் மஜ்லிஸ்’ போன்றதொரு நிகழ்ச்சி தனக்குரிய நேயர்களை அடைவதற்குத் தேநீர்க் கடைப் பெட்டி எவ்வகையிலும் உதவியிராது. மரப்பெட்டியின் அழகியலை வியப்போர் ‘மலிவுச் சாமான்’ என இகழும் அந்தச் சிறு பெட்டியே, இவ்வூர்ப் பெண்களுக்குக் குரல்களின் உலகத்தைத் திறந்து வைத்தது. புதியது வட்டத்தைச் சுருக்கியது என்பது ஒரு பாதி. வெளியே நின்றவர்களுக்கு அது வட்டமொன்றைத் தந்தது என்பது மறுபாதி. பழைய வானொலி பற்றிய ஏக்கம் யாருடைய ஏக்கம் என்ற வினாவை எழுப்பாத இரசனை குறையுடையதே.

அப்படியாயின் சி.பி. அன்பரின் வாதத்தில் எஞ்சுவது யாது? வானொலிப் பெட்டி கேட்க மட்டுமே வல்லது, சி.பி. கேட்கவும் பேசவும் வல்லது என்ற வேறுபாடு இங்கு முக்கியமாகின்றது. ஒருவன் பேசுவதை, அவன் விளித்தவர் மட்டுமன்றி அவ்வலைவழியில் இருக்கும் அனைவரும் கேட்பர். கேட்டவர் எவரும் குறுக்கிட்டு விடையிறுக்கலாம். கீழ்க்கரையில் இதற்கு மிக அண்மையான உறவினைத் தேடின், அது வீட்டு முன்மண்டபத்தில் அன்று, ஆழ்கடல் செல்லும் பலநாட் கலங்களிலேயே கிடைக்கும். கரையிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால் கைத்தொலைபேசி செயலற்றுப்போக, உயர் அதிர்வெண் வானொலிக் கருவியே கலத்தோடு கலத்தையும் கலத்தோடு கரையையும் இணைக்கின்றது. இயந்திரம் பழுதான செய்தி ஒருவனுக்கென அனுப்பப்பட்டாலும் பலரின் காதில் விழுகின்றது. அருகிலிருப்பவன் திரும்பி வருகின்றான். (மீன் பட்ட இடத்தை மட்டும் எவனும் உரத்துச் சொல்வதில்லை. பொது அலை மனிதரைப் புனிதராக்கிவிடுவதில்லை.)

2015இல் ஐரோப்பிய ஒன்றியம் இலங்கை மீனுக்கு விதித்த தடையை அடுத்து, சர்வதேசக் கடற்பரப்புக்குச் செல்லும் கலங்களிற் செய்மதிக் கண்காணிப்புக் கருவிகள் பொருத்தப்பட்டன. கலம் எங்கு நிற்கின்றதென்பதைத் திணைக்களம் அறிகின்றது. அது அவசியமும் ஆகலாம். ஆனால் பக்கத்துக் கலத்தான் அதனை அறிவதில்லை. ஒன்று மேலிருந்து பார்ப்பது. மற்றது அயலிலிருந்து கேட்பது. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. கருவிகளின் வயதை ஒப்பிடும் விவாதங்கள் தவறவிடும் வேறுபாடு இதுவே. பழையதா புதியதா என்பதனிலும், குரல் பொதுவிற் கேட்கின்றதா என்பதே முதன்மையான வினா.

இவ்வினா இக்கரைக்கு ஏட்டுச் சுவைக்குரியதன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி காலை சுமாத்திராவுக்கு அருகே நிலம் நடுங்கியதற்கும், கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளைக் கடல் விழுங்கியதற்கும் இடையில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் இருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டில் வேறெந்த மாவட்டத்திலும் இத்தனை உயிரிழப்பு நேரவில்லை. அதன்பின், தொலைபேசி வழிகள் அறுந்து கிடந்த தென்கரையின் அம்பாந்தோட்டையிலிருந்து தொடர்பை மீட்பதில், விக்டர் குணதிலக்க முதலிய வானொலி ஆர்வலர்களின் சிற்றலைக் கருவிகள் பயன்பட்டன. பழைய முறையின் வெற்றியாக இது அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகின்றது. அது நியாயமே. எனினும் அலை வருமுன் இருந்த அந்த ஒன்றரை மணி நேரத்தில், பழைய பெட்டியோ புதிய பெட்டியோ, எதுவும் இக்கரைக்கு ஒரு சொல்லைக் கொண்டுவரவில்லை. பெட்டிகள் இருந்தன, அவற்றிற் சொல்லப்பட வேண்டிய செய்தி எவரிடமிருந்தும் புறப்படவில்லை. இதனை நினைவிற்கொள்ளாது கருவியைப் புகழ்வது பேழையைப் புகழ்ந்து குரலை மறப்பதாகும்.

குரல் புறப்படும் இரவுகளும் இங்கு உண்டு. நோன்பின் இருபத்தொன்பதாம் நாள் மாலை, கொழும்பு பெரிய பள்ளிவாசலில் எடுக்கப்படும் பிறைத் தீர்மானத்தை முஸ்லிம் சேவை அறிவிக்கும் வரை ஊர் காத்திருக்கும். இப்போது கைத்தொலைபேசியில் முன்னதாகவே பல செய்திகள் வந்து விழுகின்றன. ஒன்று பிறை கண்டது என்கின்றது, மற்றது இல்லை என்கின்றது. அவற்றைப் படித்துவிட்டும், அடுப்பில் எதனை ஏற்றுவதென்று முடிவுசெய்யாமல், வீட்டிலுள்ளோர் றேடியோவின் குமிழைத் திருப்பி வைத்துக் காத்திருக்கின்றனர். அந்தப் பெட்டி எந்த ஆண்டினது என்று அவ்வேளையில் எவரும் பார்ப்பதில்லை.