தாழ்ப்பாள் இல்லாத குளியலறை

தம்பி மனநல வார்டில் இருந்த மூன்று வாரமும், அவன் குளிக்கப் போகும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியே காவல் நின்றேன். கதவில் தாழ்ப்பாள் கிடையாது. அது இருந்த இடத்தில் நான்கு திருகாணி ஓட்டைகள்தான் இருந்தன. உள்ளே துணி மாட்டக் கொக்கி இல்லை, சோப்பு வைக்க இடமில்லை, குழாயின் கைப்பிடியையும் கழற்றி எடுத்திருந்தார்கள். தண்ணீர் வேண்டுமென்றால் வார்டு அக்காவைக் கூப்பிட வேண்டும். அவர் கட்டிங் பிளேயரோடு வந்து திருப்பிவிட்டுப் போவார். அவிழ்த்த வேட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் தம்பி கதவிடுக்கு வழியாக என் கையில் நீட்டினான். அவனுக்கு வயது நாற்பத்திரண்டு. "எல்லாம் அவங்க பாதுகாப்புக்குத்தான் சார்" என்றார் அக்கா. அந்தக் கவலை உண்மையானது என்பதால்தான் எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை.

மனநல வார்டில் நோயாளி தனியாக இருக்கிற ஒரே அறை பெரும்பாலும் குளியலறைதான். தன்னையே மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடுகிறவருக்கு அந்தச் சில நிமிடத் தனிமை ஆபத்தானது. ஆனால் அந்த வேகம் பெரும்பாலும் நீடிப்பதில்லை. குறுக்கே ஒரு தடை வந்துவிட்டால் பலர் மீண்டுவிடுகிறார்கள். இந்த அறிவின் மேல்தான் மனநல வார்டுக் குளியலறைச் சாமான்களின் வடிவமைப்பே நிற்கிறது. பாரம் தாங்கும்படி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, உடைந்து கூராகும் பீங்கான் கூடாது, பெயர்த்தெடுக்க வரும் உதிரிகள் கூடாது. இங்கிலாந்தில் பாரம் ஏறினால் கழன்று விழாத திரைக்கம்பிகள் எல்லாவற்றையும் 2002 மார்ச்சுக்குள் மனநல வார்டுகளிலிருந்து அகற்றச் சொன்னார்கள். அமெரிக்காவில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகள் 2007 முதல் ஒரு சரிபார்ப்புப் பட்டியலோடு வார்டு வார்டாகப் போய்ப் பார்த்துத் திருத்தின. அதற்குப் பிறகு அங்கே உள்நோயாளிகளின் தற்கொலை கணிசமாகக் குறைந்தது. ஒரு குழாயின் வடிவம் ஓர் உயிரைக் காக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் சந்தேகமெல்லாம் நாம் அதை எப்படிச் செய்கிறோம் என்பதில்தான். பாதுகாப்பு என்ற சொல்லுக்கு நம் மாநிலத்தில் ஒரு கொடிய வரலாறு உண்டு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். அவர்கள் ஓடிப் போகாமலிருக்கவும் யாருக்கும் தீங்கு செய்யாமலிருக்கவும்தான் சங்கிலியில் கட்டப்பட்டிருந்தார்கள். அதையும் பாதுகாப்பு என்றே சொல்லிவந்தோம். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 சங்கிலியை அடியோடு தடை செய்தது. அதே சட்டத்தின் 20ஆம் பிரிவு பாதுகாப்பான, சுகாதாரமான சூழலையும், போதிய கழிப்பறை வசதியையும், அந்தரங்கத்தையும், பெண்களுக்கு மாதவிடாய்க் காலத்தில் வேண்டிய பொருள்களையும் உரிமையாகவே சொல்கிறது. இவற்றை ஒன்றுக்கு ஈடாக இன்னொன்றை எடுத்துக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்லவில்லை. தம்பி குளித்த அறையில் அந்தரங்கத்தை எடுத்துக்கொண்டுதான் பாதுகாப்பைக் கொடுத்திருந்தார்கள். பெண்கள் வார்டிலோ குளியலறைக் குப்பைத் தொட்டியையும் எடுத்துவிட்டதாக ஒரு தாய் என்னிடம் சொன்னார். மகள் நாப்கினைத் தாளில் சுற்றிக் கையில் பிடித்தபடி நடைகூடத்தின் கடைசிவரை நடந்து போகிறாளாம்.

காசு இருக்கிற இடங்களில் வேறொரு தவறு நடக்கிறது. வெளிநாட்டு விலைப்பட்டியலைப் பார்த்து அப்படியே வாங்கி மாட்டுகிறார்கள். பிறகு தம்பியைச் சேர்த்த ஒரு தனியார் இல்லத்தில் இப்படிப்பட்ட குளியலறை இருந்தது. சுவரோடு சுவராக வழுக்கும் ஷவர், சரிந்த முகப்புள்ள வாஷ்பேசின், அழுத்தினால் சில விநாடி ஓடித் தானே நின்றுவிடும் குழாய் எல்லாம் பார்க்க அழகாகவே இருந்தன. ஆனால் பிரஷர் இல்லாததால் ஷவரில் நூல்போலத்தான் தண்ணீர் வந்தது. குழாயடியில் பக்கெட்டை வைத்து நிரப்பிப் பார்த்தேன். ஒரு பக்கெட் நிரம்ப 26 முறை அழுத்த வேண்டியிருந்தது. தம்பிக்கு மாத்திரையால் கை நடுங்கும். பத்தாவது முறையிலேயே விட்டுவிட்டு, அரை பக்கெட்டுக்கும் குறைந்த தண்ணீரில் தலையை மட்டும் நனைத்துக்கொண்டு வந்துவிட்டான். நாம் வாளியும் மக்குமாகக் குளிக்கிற மக்கள். கழுவத் தண்ணீர் எடுக்கிற மக்கள். ஹெல்த் ஃபாசெட்டின் நீண்ட ஹோஸ் மனநல வார்டில் கூடாது என்பது சரி. அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதுவும் வைக்கவில்லை என்றால் ஒருவர் எப்படிக் கழுவுவார்? கைப்பிடிக் கம்பி கழன்று கூராகிறது என்று பக்கெட்டின் கம்பியை எடுத்துவிடுகிறார்கள். கம்பியில்லாத பக்கெட்டை வயதானவர் தூக்க முடியுமா என்று யாரும் பார்ப்பதில்லை. நல்ல வடிவமைப்பு ஷவரை விட்டு இந்த வாளியிலிருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

அடுத்தது உப்பு. எங்கள் தண்டையார்பேட்டையில் வீடு கட்டியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியில் 2010இல் தொடங்கிய நிலையம் கடல்நீரிலிருந்து நாளுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் திறன் கொண்டது என்றாலும், குளிக்கவும் கழுவவும் பல வீடுகளில் இன்னும் போர் தண்ணீர்தான். "பித்தளைக்கு மேல குரோம் பூச்சு இங்க ஒரு வருஷம் நிக்காதுண்ணே, பொருக்கு பொருக்கா உரியும்" என்பார் எங்கள் தெரு பிளம்பர். வீட்டில் அது வெறும் அசிங்கம். மனநல வார்டில் அந்தப் பொருக்கு நகத்தால் உரித்தெடுக்க வரும் தகடு. துருப்பிடித்த திருகாணி ஆடும், ஆடுவதைப் பிடுங்கிவிடலாம். ஆக நீடித்து உழைப்பதும் பாதுகாப்பும் இங்கே ஒரே விஷயம்தான். பீங்கானுக்குப் பதில் எஸ்.எஸ். கோப்பை என்பது சரியான முடிவு. ஆனால் டெண்டரில் வெறுமனே எஸ்.எஸ். என்று எழுதினால் 304 தரம்தான் வரும். உப்புக்கு ஈடுகொடுப்பது 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் சேர்ந்த 316. விலை கூடுதல்தான். தர எண்ணை எழுதாமல் விட்டால் குறைந்த விலை கேட்டவருக்கு வேலை போகும். அவர் மேல் குற்றமும் சொல்ல முடியாது.

பராமரிப்பைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆதங்கம். இத்தகைய சாமான்களைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் கழற்ற முடியாத திருகாணிகளால் பொருத்துகிறார்கள். அதற்குத் தனி பிட் உண்டு. முதல் பழுது வரும் நாளில் அந்த பிட் யாரிடம் இருக்கிறதென்று தெரியாது. வந்த பிளம்பர் உடைத்தெடுத்துவிட்டு, கையிலிருக்கும் ஸ்டார் திருகாணியை முறுக்கிவிட்டுப் போவார். அந்த நிமிடத்தில் இலட்ச ரூபாய்ச் சாமான் சாதாரணச் சாமானாகிவிடுகிறது. ஆனால் வார்டுக்காரர்கள் பத்திரமான அறை என்று நம்பிக்கொண்டே இருப்பார்கள். ஆபத்து தெரிந்த அறையைவிட இது மோசம், ஏனென்றால் இங்கே கண்காணிப்பும் தளர்ந்துவிடும். பைப், ஆங்கிள் காக் எல்லாம் சுவருக்குப் பின்னால் பூட்டிய டக்டில் இருந்தால் பிளம்பர் வார்டுக்குள்ளேயே வர வேண்டாம். அளவுமீறித் தண்ணீர் குடிக்கும் நோயாளிக்காக அந்த ஒரு குழாயை மட்டும் அங்கிருந்தே அடைக்கவும் முடியும். அந்த ஏற்பாட்டின் ஆகப் பெரிய பலம் இதுதான். கட்டும்போதே செய்யாவிட்டால் பிறகு செய்வது கடினம்.

இவற்றையெல்லாம் இங்கேயே செய்ய முடியும். காசிமேட்டில் படகு வேலை செய்யும் வெல்டர்களுக்கு உப்பு எந்த இரும்பை எத்தனை நாளில் தின்னும் என்பது கைப்பழக்கம். எங்கள் பாட்டி வீட்டுச் சுவரில் விளக்கு மாடம் இருந்தது. அதே மாடத்தை உட்தளம் சற்றே சரிந்ததாக, முனைகள் உருண்டதாக எஸ்.எஸ். தகட்டில் வளைத்துச் சுவருக்குள் பதித்தால் சோப்பும் மக்கும் மாற்றுத் துணியும் வைக்கலாம். எதையும் மாட்ட இடம் இருக்காது. பக்கெட்டுக்குக் கம்பி வேண்டாம், விளிம்பிலேயே இரண்டு பக்கமும் தடித்த பிடி வார்த்தால் போதும். முழங்கால் உயரத்தில் குட்டையான, கூம்பு முகக் குழாய். ஒரு அழுத்துக்கு அரை பக்கெட்டாவது நிரம்ப வேண்டும். கழுவுவதற்குக் கோப்பைக்குள்ளேயே பதித்த ஜெட். எங்கள் தெரு பிளம்பர் இதை என் வீட்டுக் காலண்டரின் பின்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்து காட்டினார்.

தாழ்ப்பாளுக்கும் வழி இருக்கிறது. உள்ளே திருப்பினால் பூட்டும், வெளியிலிருந்து செவிலியர் தன் சாவியால் திறக்கலாம். உள்ளிருப்பவர் கதவை அடைத்துச் சாய்ந்து நின்றாலும் வெளிப்பக்கம் திறந்துகொள்ளும் கீல். கடும் நெருக்கடியில் இருப்பவர் பக்கத்தில் ஆள் இருந்தே ஆக வேண்டும், அதற்கு மாற்றாக எந்தச் சாமானும் வராது. ஆனால் வார்டில் எல்லோரும் எல்லா நாளும் அந்த நிலையில் இருப்பதில்லை. தம்பி மூன்றாம் வாரம் வீட்டுக்குப் போகத் தயாராகிவிட்டான், அப்போதும் அவனுக்குக் கிடைத்தது அதே நான்கு ஓட்டைக் கதவுதான்.

அடுத்து எங்காவது மனநல வார்டு கட்டும்போது ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். மேல்தொட்டியில் தண்ணீர் குறைவாக இருக்கும் ஒரு நாளில், மாற்றுத் துணியோடு உள்ளே போய், அந்தக் குழாயில் பக்கெட் நிரப்பி, அந்தக் கதவைச் சாத்திக்கொண்டு பொறியாளர் ஒருமுறை குளித்துவிட்டு வர வேண்டும். பில்லில் கையெழுத்து அதற்குப் பிறகு.