பாட்டுக்கு மேலே ஒரு வரி

தூத்துக்குடி மில்லர்புரத்தில் எங்கள் தெருமுனை டீக்கடையில் சாயங்காலம் கல்லூரிப் பிள்ளைகள் நாலைந்து பேர் கூடுவார்கள். போன வாரம் அவர்களில் ஒருவன் தன் போனில் ஜப்பானியப் பாட்டு ஒன்றைப் பத்து விநாடி ஓட்டினான்; அடுத்து ஒரு தமிழ்ப் படப் பாட்டைப் பத்து விநாடி. “கேட்டியால? அப்படியே அங்கேயிருந்து தூக்கியிருக்கான்” என்றான். “ஏல, நாலு சுரம் ஒத்துப்போனா காப்பியா?” என்று மற்றவன் எகிறினான். கடைசியில் இருவரும் என் பக்கம் திரும்பி, “அண்ணாச்சி, நீங்களே சொல்லுங்க” என்றார்கள். ஒரு டீயைக் குடித்து முடிப்பதற்குள் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடிய வழக்கல்ல அது. அதனால்தான் எழுதுகிறேன்.

காப்பி கண்டுபிடிக்கும் இந்தப் பழக்கத்தை வெட்டிப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. இது நினைவின் வேலை. எங்கள் கரையில் இது போனோடு வந்ததுமல்ல. இலங்கை வானொலி கணீரென்று கேட்ட ஊர் இது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகியோரின் குரல்களைக் கேட்டு வளர்ந்த தலைமுறை, பாட்டை அதன் படத்தோடும் எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் பெயர்களோடும் மனதில் வைத்திருந்தது. ‘பாட்டுக்குப் பாட்டு’ நிகழ்ச்சி ஒவ்வொரு வீட்டையும் ஒரு பாட்டுக் களஞ்சியமாக்கியது. அப்படிப் பழகிய காதுக்கு, இந்தி மெட்டு தமிழில் வந்தால் உடனே தெரிந்தது. இன்றைய பிள்ளைகளின் காது டோக்கியோவரைக்கும் நீண்டிருக்கிறது.

இந்தக் காவலால் நன்மை உண்டு. பெரிய பேர் எடுத்தவரானாலும் கேள்வி கேட்க ஆள் இருக்கிறது என்ற அச்சம் கலைக்கு நல்லது. பேர் தெரியாத கிராமத்துப் பாடகரின் மெட்டைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொள்கிறவரை, சட்டம் பார்ப்பதற்கு முன்னால் ரசிகன் பார்க்கிறான். மூலப் பாட்டைத் தேடிப் போகிறவன் வழியில் புதிய இசையையும் கேட்டுவிடுகிறான். எங்கள் டீக்கடைப் பையன் ஜப்பானிய இசைக்குள் நுழைந்ததே ஒரு காப்பிச் சண்டையின் வழியாகத்தான்.

ஆனால் பழக்கத்தின் குறைகளும் சிறியவை அல்ல. முதற்குறை, ஒப்புமையைக் கண்ட மாத்திரத்தில் திருட்டு என்று முடிவுகட்டுவது. டீக்கடையில் ஒலித்த இரண்டு துண்டுகளையும் வீட்டுக்கு வந்து ஆர்மோனியத்தில் வாசித்துப் பார்த்தேன். இரண்டிலும் மத்யமம் இல்லை, நிஷாதம் இல்லை. நமக்கு அது மோகனம். ஜப்பானியர் தம் மெல்லிசையில் நெடுங்காலமாக ஆண்டுவரும் ‘யோனாநுகி’ என்ற சுர வரிசையும் நாலாவது, ஏழாவது சுரங்களை விட்டுவிட்டு அமைவதுதான். அதன் ஐந்து சுரங்களும் மோகனத்தின் ஐந்து சுரங்களும் ஒன்றே. ஐந்தே சுரங்களில் இரண்டு நாட்டார் ஆயிரக்கணக்கான பாட்டுகள் கட்டினால் பத்து விநாடி ஒத்துப்போகத்தான் செய்யும். ஒரே உப்பளத்தில் நடந்த இரண்டு பேரின் காலில் ஒரே உப்பு ஒட்டியிருப்பது போலத்தான் இது.

நீதிமன்றங்களே இதில் தடுமாறியிருக்கின்றன. ஆங்கிலப் பாடகர் ஜார்ஜ் ஹாரிசன் 1970-இல் வெளியிட்ட பக்திப் பாட்டில், 1963-இல் புகழ்பெற்ற வேறொரு பாட்டின் மெட்டைத் தன்னை அறியாமலேயே எடுத்துக்கொண்டார் என்று அமெரிக்க நீதிமன்றம் 1976-இல் சொன்னது. ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகத்தில் வீரனைப் போற்றும் பாட்டு, இந்துஸ்தானி இசையின் டாகர் மரபின் சிவ துதியிலிருந்து வந்தது என்ற வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 ஏப்ரலில் ஏ.ஆர். ரஹ்மான் தரப்புக்கு எதிராக இடைக்கால உத்தரவு போட்டார். செப்டம்பரில் அதே நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு அதை ரத்துசெய்தது. மாதக்கணக்கில் கேட்டவர்களே ஒத்துப்போகாத இடத்தில் பத்து விநாடித் தீர்ப்புக்கு என்ன மதிப்பு?

இரண்டாவது குறை, கட்சி கட்டுவது. தன் ஆள் எடுத்தால் தழுவல், எதிராள் எடுத்தால் திருட்டு. தராசின் ஒரு தட்டில் விரலை வைத்துக்கொண்டே நிறுக்கிறவனுக்கு எடை ஒருநாளும் சரியாக வராது.

மூன்றாவது குறைதான் என்னை மிகவும் வருத்துவது: மெட்டைத் துரத்துகிறவன் சொல்லைக் கேட்பதில்லை. ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ மலையாளப் படத்தில் ‘குணா’வின் (1991) கடிதப் பாட்டு ஒலித்ததற்காக 2024 மே மாதம் இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனது. எங்கள் டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. உரிமை இசையமைப்பாளருக்கா, தயாரிப்பாளருக்கா, இசை நிறுவனத்துக்கா என்று பிள்ளைகள் தொண்டை வறளப் பேசினார்கள். அந்தப் பேச்சில் வாலியின் பெயர் ஒரு தடவைகூட வரவில்லை. அந்தப் பாட்டை எழுதியவர் வாலி. எழுத வராத காதலன் சொல்லச் சொல்ல அவள் எழுதுகிறாள். அவன் பேசுகிறான், அவள் அதைப் பாட்டாக்குகிறாள். கொச்சைப் பேச்சு கவிதையாக மாறுவதை நம் கண்ணெதிரே காட்டும் பாட்டு அது. குகைக்குள் விழுந்த நண்பனை மீட்கும் கதைக்கு அது பொருந்தியதும், இந்தக் காதல் சாதாரண மனிதக் காதலுக்கு மேலானது என்று அதில் வரும் சொல்லால்தான். மலையாளப் படம் எடுத்துக்கொண்டது மெட்டையும் சொல்லையும் சேர்த்து. நாம் சண்டை போட்டது மெட்டுக்கு மட்டும்.

சொல்லை விட்டுவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு ஜப்பானிலேயே சான்று இருக்கிறது. கியூ சகமோட்டோ பாடிய பாட்டு ஒன்று 1963 ஜூனில் அமெரிக்கப் பில்போர்டு பட்டியலில் முதலிடம் பிடித்தது. கண்ணீர் கீழே விழாமலிருக்க அண்ணாந்து பார்த்தபடி நடக்கிற ஒருவனின் பாட்டு. அமெரிக்க ராணுவ ஒப்பந்தத்துக்கு எதிரான போராட்டம் தோற்ற வேதனையில் ரோகுசுகே எய் எழுதியது. அமெரிக்காவில் அது வெளியான பெயர் ‘சுகியாகி’. அது ஒரு மாட்டுக்கறிச் சமையலின் பெயர். பாட்டுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. மெட்டு கடல் கடந்தது, பொருள் கரையிலேயே நின்றுவிட்டது.

அப்படியானால் எதை வைத்து எடைபோடுவது? விடை இதே தூத்துக்குடி மாவட்டத்தில், எட்டயபுரத்தில் இருக்கிறது. 1835-இல் அந்த மண்ணில் கண்மூடிய முத்துசுவாமி தீட்சிதர், கும்பினி பேண்டு வாசித்த ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் தெய்வத் துதிகள் எழுதியவர். இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் கீதத்தின் மெட்டும் அவற்றில் ஒன்று. அந்த வகைக்கே ‘நோட்டுஸ்வரம்’ என்றுதான் பெயர். மெட்டு வந்த திசை பெயரிலேயே இருக்கிறது.

அந்த எட்டயபுரத்தில் பிறந்த பாரதி இன்னும் ஒரு படி மேலே போனார். கலெக்டர் விஞ்ச் எங்கள் வ.உ.சி.யை மிரட்டுவதாக அவர் எழுதிய பாட்டை எடுத்துப் பாருங்கள். மெட்டு கோபாலகிருஷ்ண பாரதியின் நந்தனார் சரித்திரத்திலிருந்து வந்தது. பாரதி அதை மறைக்கவில்லை. இன்ன பாட்டின் வர்ணமெட்டு என்று பாட்டுக்கு மேலேயே குறித்தார். அந்த ஒரு வரியால் என்ன ஆயிற்று? படிக்கிறவன் நெஞ்சில் நந்தனை அதட்டும் ஆண்டை எழுந்து நிற்கிறான். விஞ்ச் துரை ஆண்டையாகிறான். கப்பல் ஓட்டிய வ.உ.சி. சிதம்பரம் போயே தீருவேன் என்ற நந்தனாகிறார். மூலத்தை மறைத்திருந்தால் இந்த இரண்டாவது பொருள் செத்திருக்கும். கடனைச் சொன்னது வெறும் மரியாதைக்காக அல்ல, அதுதான் அந்தப் பாட்டின் உயிர்.

இன்று ஜப்பானில் யோஅசோபி என்ற இருவர் இசைக்குழு செய்வதும் இதற்குப் பக்கத்தில் வருவதுதான். ஒரு சிறுகதையை எடுத்து அதைப் பாட்டாக்குகிறார்கள். எந்தக் கதை என்பதை ஊரறியச் சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் கதையையும் தேடிப் படிக்கிறார்கள். வைரமுத்து ‘இருவர்’ (1997) படத்தில் பாரி மகளிரின் புறநானூற்று நிலவைக் காதல் பாட்டுக்குக் கொண்டுவந்தார். தந்தையை இழந்த பெண்களின் அழுகை அங்கே காதலர்களின் நினைவாகிறது. 112-ஆம் புறப்பாட்டைத் தெரிந்தவனுக்கு அந்தக் காதலுக்குள் ஒரு துயரம் கேட்கும்; தெரியாதவனுக்கு அழகு மட்டும் கேட்கும். அந்தத் தொடர்பை எடுத்துச் சொல்வது ரசிகனின் வேலை. அங்கே ‘காப்பி’ என்று கத்துகிறவன் நல்ல வேலையைக் கெடுத்துவிடுகிறான்.

எங்கள் ஊர் கலப்புக்குப் புதிதல்ல. ஐரோப்பாவில் வாதுமைப் பருப்பில் செய்ததை முந்திரிப் பருப்பில் செய்து மக்ரூன் என்று எங்கள் பேக்கரிகள் விற்கின்றன. யாரும் அதைக் காப்பி என்று சொல்வதில்லை. பேரை மாற்றாமல் பருப்பை மாற்றினார்கள், புதுச் சுவை பிறந்தது. போர்த்துக்கீசியர் விட்டுப்போன தாளத்தில் இலங்கையில் பைலா பிறந்தது. அந்த வழியில் ஏ.இ. மனோகரன் பாடிப் புகழ்பெற்ற ‘சுராங்கனி’ மன்னார் வளைகுடாவைத் தாண்டி 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்குள் வந்தது. கடற்கரை மனிதருக்குச் சரக்கு வந்து இறங்குவது குற்றமல்ல. சரக்கின் மேல் ஒட்டியிருந்த ஊர்ப்பெயரைக் கிழித்துவிட்டுத் தன் பெயரை ஒட்டுவதுதான் குற்றம்.

ஆகவே என் முடிவு இது. காப்பி தேடும் பழக்கம் தேவை. ஆனால் அது இப்போது கேட்கிற கேள்வி போதாது. எங்கிருந்து வந்தது என்பதோடு நிற்காமல், வந்ததைச் சொன்னாரா, வந்ததை வைத்துப் புதிதாக என்ன செய்தார் என்ற இரண்டையும் கேட்க வேண்டும். மூன்றுக்கும் விடை கிடைத்த பிறகு தீர்ப்புச் சொல்லலாம். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம் இசையமைப்பாளரோடு பாடலாசிரியருக்கும் விட்டுக்கொடுக்க முடியாத ராயல்டி உரிமையைக் கொடுத்திருக்கிறது. சட்டம் நினைவு வைத்திருக்கும் பெயரை ரசிகன் மறக்கலாமா?

டீக்கடைத் தம்பிகளே, அடுத்த முறை இரண்டு பாட்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டும்போது, இரண்டையும் எழுதியவர்கள் யார் என்று முதலில் சொல்லுங்கள். பிறகு இரண்டையும் முழுதாகக் கேளுங்கள். அதன் பிறகு சண்டை போடுவோம், நானும் வருகிறேன்.