கரைந்துபோனவர்களின் கணக்கு

தமிழர் கடல் கடந்த கதையை எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் 1834இல் தொடங்குகிறார்கள். பிரிட்டிஷ் பேரரசின் அடிமை ஒழிப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்த ஆண்டு அது. விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர்கள் விட்டுச்சென்ற கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகள் கப்பலேறினார்கள் என்பதிலிருந்து கதை புறப்படும். பாரதியின் ‘கரும்புத் தோட்டத்திலே’யும் இந்தக் கூலிகளைத்தான் பாடுகிறது. ஹ்யூ டிங்கர் 1974இல் வெளியிட்ட பெயர்பெற்ற நூல் கூலிமுறையைப் ‘புதிய வகை அடிமைமுறை’ என்றது. பழைய அடிமைமுறை ஆப்பிரிக்கருக்கு, புதியது நமக்கு என்று அதை ஒரு பாகப்பிரிவினையாகவே வாசித்துப் பழகிவிட்டோம். மரக்காணம் உப்பளங்களிலிருந்து வானூர் வழியாகப் புதுச்சேரி வரை நீளும் நிலத்தின் வரலாறு இந்தப் பிரிவினைக்கு இடம் தருவதில்லை. இந்தக் கரையிலிருந்து ஆட்கள் பழைய முறையிலேயே அடிமைகளாக விற்கப்பட்டார்கள்; ஆப்பிரிக்க அடிமைகளும் இதே கரையில் வந்து இறங்கினார்கள். ஆப்பிரிக்க அடிமை வரலாறு தமிழக வரலாற்றின் ஓர் அத்தியாயமும்கூட என்பதுதான் இங்கே சொல்லவருவது.

முதலில் டச்சுக்காரர்கள். அவர்களுடைய கம்பெனியின் அடிமை வணிகத்தைப் பற்றி மார்கஸ் விங்க் 2003இல் எழுதிய ஆய்வு ஒன்றைத் தெளிவாக்குகிறது. சோழமண்டலக் கரையில் அடிமை ஏற்றுமதி எல்லா ஆண்டும் ஒரே சீராக நடக்கவில்லை. போரும் பஞ்சமும் சேர்ந்து வந்த ஆண்டுகளில் அது திடீரென்று பெருகியது. 1640களில் பீஜப்பூர், கோல்கொண்டா படைகள் தெற்கே இறங்கி, செஞ்சி நாயக்கர் ஆட்சியே முடிவுக்கு வந்தது. அந்தக் குழப்பத்தின் நடுவே 1646இல் மட்டும் 2,118 பேர் பட்டேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தென் சோழமண்டலத்தார். 1659 முதல் 1661 வரை தஞ்சை நாடு சூறையாடப்பட்டபோது கம்பெனி எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை வாங்கியது. வாங்கியவர்களில் பெரும்பகுதி இலங்கைக்குப் போனது. செஞ்சிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நிலம்தான் இன்றைய வானூர், மரக்காணம் பகுதி. படை நகர்ந்த வழியில் கிடந்த ஊர்களின் கதி என்னவாகியிருக்கும் என்பதற்கு விளக்கம் தேவையில்லை.

பிரெஞ்சுக்காரர் காலத்துக்கு நம்மிடம் ஒரு தமிழ்ச் சாட்சியே இருக்கிறது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1743இல் ஆள் கடத்தல் ஒன்றைப் பதிவு செய்கிறார். ஊர்ப்புறத்து ஏழைகளை ஏமாற்றிப் பிடித்து, அடைத்து வைத்து, கப்பலேற்றி, மொரீஷியஸும் ரீயூனியனும் அடங்கிய மஸ்கரீன் தீவுகளுக்கு அனுப்பிய கூட்டத்தின் கதை அது. அவர் காலப் புதுச்சேரியில் அடிமை வைத்திருப்பது குற்றமல்ல. அடிமையல்லாதவனைப் பிடித்து விற்றதால்தான் விவகாரம் எழுந்தது. இந்த நாட்குறிப்பைப் புதுச்சேரி ஆளுநர் டூப்ளே கால அரசியலுக்காகவும் பழைய உரைநடைக்காகவும் கொண்டாடுகிறோம்; இந்தப் பக்கங்களை மட்டும் ஏனோ புரட்டித் தள்ளிவிடுகிறோம். இந்தியாவிலிருந்து மஸ்கரீன் தீவுகளுக்குப் போன அடிமைகள் ஏறத்தாழ இருபதாயிரம் பேர் என்கிறது ரிச்சர்ட் ஆலனின் மதிப்பீடு. மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் கொண்டுவரப்பட்ட லட்சக்கணக்கானோருக்கு முன் இது சிறிய எண்தான். ஆனால் அவர்களும் இவர்களும் வேலை செய்தது ஒரே தோட்டத்தில், ஒரே சட்டத்தின் கீழ்.

எதிர்த் திசையிலும் கப்பல்கள் வந்தன. 1746இல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே, மொரீஷியஸில் திரட்டிய கடற்படையோடு நூற்றுக்கணக்கான ஆப்பிரிக்கர்களையும் அழைத்து வந்தார். அந்நாளையத் தமிழர் அவர்களைக் காப்பிரிகள் என்றார்கள். கர்நாடகப் போர்களில் பிரெஞ்சுப் படையிலும் ஆங்கிலப் படையிலும் அவர்கள் இருந்தார்கள். 1750இல் டூப்ளேவின் கைக்கு வந்த ஆலம்பரைக் கோட்டை மரக்காணத்துக்குச் சற்று வடக்கே இன்று இடிபாடாகக் கிடக்கிறது. 1760இல் வந்தவாசிப் போரில் வென்ற கையோடு ஆங்கிலத் தளபதி அயர் கூட் பெருமுக்கல், ஆலம்பரை, வழுதாவூர் என்று ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு புதுச்சேரியை நெருங்கினார். இந்தப் போர்களை ஐரோப்பியத் தளபதிகளின் சதுரங்கமாகவே நம் பாடநூல்கள் சொல்லிவருகின்றன. யாருடைய நிலம் என்றே தெரியாத ஊரில் சண்டைக்கு நிறுத்தப்பட்ட ஆப்பிரிக்கனுக்கு அவற்றில் ஒரு வரிகூடக் கிடையாது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அட்லாண்டிக் அடிமைமுறை தோல் நிறத்தின் மேல் கட்டப்பட்டது, இந்தியப் பெருங்கடலில் நடந்தது அப்படியல்ல, இரண்டையும் ஒன்றாக்கக் கூடாது என்பார்கள். வேறுபாடு உண்மைதான். இங்கே கடனும் பஞ்சமும் சாதியும் ஆளை அடிமையாக்கின. ஆ. சிவசுப்பிரமணியனின் ‘தமிழகத்தில் அடிமைமுறை’ அந்த உள்நாட்டுக் கட்டமைப்பை விரிவாகவே காட்டியிருக்கிறது. ஆனால் கப்பல் ஏறியபின் அந்த வேறுபாடு எவ்வளவு தூரம் நிலைத்தது? ரீயூனியன் தீவில் அடிமையாக இருந்த ஃபூர்சியின் வழக்கைப் பார்க்கலாம். அவன் தாய் மதலேன் சந்தர்நகரில் பிறந்தவள். இந்தியப் பெண்ணின் மகன் அடிமையாக முடியாது, மேலும் தாய் பிரான்ஸ் மண்ணை மிதித்ததாலேயே சுதந்திரம் பெற்றவள் என்று சொல்லி அவன் 1817இல் விடுதலை கேட்டான். பாரிஸ் நீதிமன்றம் அதை ஒப்புக்கொண்டது 1843இல். ஏட்டில் இருந்த அந்த வேறுபாட்டை நிறுவ ஒருவனுக்குக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது என்றால், வழக்குப் போட வழியில்லாதவர்களுக்கு அது எந்த வகையில் பயன்பட்டிருக்கும்?

இரண்டாவது மறுப்பு இன்னும் வலுவானது. கூலிகளாகப் போனவர்கள் கோயிலும் காவடியும் கூத்தும் விட்டுச் சென்றார்கள்; முன்னே போன அடிமைகள் என்ன விட்டுச் சென்றார்கள் என்பது அது. கேள்வி நியாயமானதுதான். செஞ்சிப் பகுதியின் திரௌபதி அம்மன் வழிபாட்டை ஆல்ஃப் ஹில்டபெய்டல் நூலாகவே எழுதியிருக்கிறார். அந்த வழிபாட்டின் தீமிதி இன்று ரீயூனியனில் பாஞ்சாலியின் பெயரால் நடக்கிறது. தெருக்கூத்தின் வழித்தோன்றல் குவாதலூப் வரை போயிருக்கிறது. இவையெல்லாம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கூலிகளின் கொடை. அடிமைகளுக்கோ 1723இன் அரசாணை ஞானஸ்நானத்தைக் கட்டாயமாக்கியது. பெயர் போயிற்று, மொழி போயிற்று, பிள்ளைகள் கிரியோல் பேசினார்கள். நம் புலம்பெயர் ஆய்வு எதையாவது காப்பாற்றி வைத்தவர்களை மட்டுமே தமிழர் என்று எண்ணுகிறது. எல்லாவற்றையும் பறிகொடுத்தவர்களைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, பிறகு அடிமைத் தமிழர் தடமே இல்லை என்று வியக்கிறது. அவர்கள் கலந்தது ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் சமூகத்தில். ஆகவே அவர்களைத் தேட வேண்டிய இடமும் அதுதான்.

அந்தச் சமூகத்தின் கலைகளை யுனெஸ்கோ அருவப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது: ரீயூனியனின் மலோயா 2009இல், மொரீஷியஸின் சேகா 2014இல். மலோயாவைத் தமிழிசை என்று யாராவது உரிமை கொண்டாடினால் அது அபத்தம். அதன் உயிர் மடகாஸ்கரும் ஆப்பிரிக்காவும் தந்தது. ஆனால் அதைப் பாடிய கிரமூன் லேலே போன்ற கலைஞர் மூதாதையருக்கான மடகாஸ்கர் சடங்கிலும் தமிழ்க் கோயில் சடங்கிலும் ஒருசேரப் பங்கெடுத்தவர். மொரீஷியஸ் கவிஞர் கால் தொராபுலி ‘கூலித்துவம்’ என்ற கருத்தை முன்வைத்தபோதும் அதை எமே செசேரின் கறுப்பினத்துவத்தோடு உரையாட வைத்தார். அந்தத் தீவுகளில் சாதாரணமாகிவிட்ட இந்த உரையாடல் தமிழில் இன்னும் தொடங்கவில்லை.

இப்படி ஒன்றாகச் சேர்த்து வாசித்தால் ஆப்பிரிக்கரின் துயரத்தில் நாம் பங்கு கேட்பதாகிவிடாதா? நம்மையும் பாதிக்கப்பட்டவர்களாக மட்டும் காட்டிக்கொண்டால் அப்படித்தான் ஆகும். ஆதாரங்கள் அந்த வசதியை நமக்குத் தருவதில்லை. லபூர்தொனே காலத்திலிருந்தே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களும் வணிகர்களும் சுதந்திர மனிதர்களாக மொரீஷியஸுக்குப் போனார்கள். போர்ட் லூயி நகரில் ‘மலபார் முகாம்’ என்று அறியப்பட்ட பகுதியில் குடியேறினார்கள், சொத்துச் சேர்த்தார்கள். அந்தச் சொத்தில் அடிமைகளும் அடக்கம்.