கூட்டல் மூன்றுக்கு என்ன விலை?

"உன்ர ஏசி எவ்வளவு?" என்று கேட்டேன். தம்பி வாய் திறப்பதற்குள் குசினிக்குள் இருந்து அம்மா குரல் கொடுத்தார்: "இந்த வீட்டில ஏசியும் இல்லை, பூட்டக் காசும் இல்லை."

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு விறாந்தையில், விசிறிக்குக் கீழே, சனிக்கிழமைப் பின்னேரங்களில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை ஆட்டம் நடக்கிறது. அதில் ஏசி என்றால் ஆர்மர் கிளாஸ். எதிரி இருபது முகப் பகடையை உருட்டி, விழுந்த எண்ணோடு தன் தாக்குபலத்தைக் கூட்டுவான். தொகை உங்கள் ஏசியை எட்டினால் அடி. எட்டாவிட்டால் வீச்சு காற்றோடு போகும். தம்பி அன்று சொன்ன எண் 26. தகட்டுக் கவசத்துக்கு 18, கேடயத்துக்கு 2, கவசத்தில் ஏற்றிய மாயம் +3, கேடயத்தில் ஏற்றியது இன்னொரு +3. எதிரே நின்ற பூதத்தின் தாக்குபலம் 6. "இருபது விழுந்தாத்தான் எனக்கு அடி, அண்ணா," என்று சொல்லிவிட்டு மிக்சர் கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். மற்ற மூன்று பேரும் பகடையை விட்டுக் கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார்கள். அந்த இரண்டு பொருட்களையும் புதையல் பெட்டியில் வைத்தவன், ஆட்டத்தை நடத்தும் நான்தான். பிழையில் பாதி எனது. மீதிப் பாதி விதியினுடையது என்பது என் வாதம்.

முதலில் விதிக்குரிய மரியாதையைக் கொடுத்துவிடுவோம். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் 1974இல் இந்த ஆட்டத்தை வெளியிட்டபோது எண் தலைகீழாக ஓடியது. வெறும் உடம்புக்கு 9, தகட்டுக் கவசமும் கேடயமும் சேர்ந்தால் 2. குறையக் குறையப் பலம். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு அதை நிமிர்த்தி, கூடக் கூடப் பலம் என்றாக்கியது. புதிதாக ஆட வந்தவர்கள் அதற்கு நன்றி சொல்ல வேண்டும். எந்தப் பதிப்பிலும் கூட்டல் கவசம் செய்வது ஒன்றுதான்: ஒரு சிறிய எண்ணளவு கணக்கை அணிந்தவன் பக்கம் நகர்த்துகிறது. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு நிமிடத்தில் விளங்கும். கவசத்தின் தடிப்பு, வாள் விழுந்த கோணம், இரும்பின் தரம் என்று கணக்குப் பார்க்கும் ஆட்டங்களும் உண்டு. அவற்றில் ஒரு சண்டை முடிய ஒரு பின்னேரம் போய்விடும். வேகம்தான் கூட்டல் எண்ணின் பெரும்பலம். அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன்.

அந்தச் சிறிய எண் பார்வைக்குத் தெரிவதைவிடப் பெரியது. தம்பியிடம் மாயம் இல்லாதிருந்தால் ஏசி 20. பூதத்துக்கு 14 அல்லது மேலே விழ வேண்டும்; இருபதில் ஏழு முகங்கள், நூற்றுக்கு 35 அடி. ஏசி 21 ஆனால் நூற்றுக்கு 30. வாங்கும் அடியில் ஏழில் ஒன்று குறைகிறது. அதே ஒரு புள்ளி 25இலிருந்து 26க்கு ஏற்றும்போது நூற்றுக்கு 10 என்பது 5 ஆகிறது, அடி சரிபாதி. ஏற்கெனவே கவசம் மலிந்தவனுக்கே அடுத்த கூட்டல் கூடுதல் பயன் தருகிறது. இருக்கிறவனுக்கே மேலும் கொடுக்கும் கணக்கு இது. ஆகவே ஆட்டக்காரர் எல்லாப் பொன்னையும் ஒரே இடத்தில் கொட்டுவார். நடத்துபவர் ஈடுகொடுக்கப் பூதத்தின் தாக்குபலத்தை உயர்த்துவார். தம்பிக்கென உயர்த்திய பூதம், பக்கத்தில் வெறும் அங்கியோடு நிற்கும் மந்திரவாதியை இரண்டே வீச்சில் படுக்க வைத்துவிடும். 2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இந்தப் போட்டியை அடக்கத்தான் கவச மாயத்தை +3க்கு மேல் போகவிடாமல் நிறுத்தியது. நோக்கம் சரி. ஆனால் கேடயத்துக்கும் தனியாக ஒரு +3 கொடுத்துவிட்டு வாசலைப் பூட்டியதாகச் சொல்லக் கூடாது.

உண்மையான கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. சாதாரணக் கவசத்துக்கு இந்த ஆட்டம் நேர்மையாக விலை வைத்திருக்கிறது. தகட்டுக் கவசம் 1,500 பொன். எடை 65 இறாத்தல். உடல்வலிமை 15 இல்லாவிட்டால் நடை தளரும். பதுங்கிப் போக முயன்றால் இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுக்க வேண்டும். இவ்வளவு கவனமாக எழுதியவர்கள் அந்தக் கவசத்தில் +3 ஏற்றும்போது மட்டும் கையை விரித்துவிட்டார்கள். எடை ஓர் இறாத்தல்கூடக் கூடுவதில்லை. ஒருவர் ஒரே நேரத்தில் மூன்று மாயப் பொருட்களோடு மட்டுமே இசைவு கொள்ளலாம் என்று ஐந்தாம் பதிப்பில் ஒரு நல்ல கட்டுப்பாடு உண்டு. கூட்டல் கவசத்துக்கு அந்த இசைவும் தேவையில்லை. எதையும் விட்டுக்கொடுக்காமல் வரும் பாதுகாப்பு அது. கர்ணனின் கவசம்கூட அப்படிப்பட்டதல்ல. உடம்போடு பிறந்ததை அறுத்துக் கொடுக்கும் இடத்தில்தான் அந்தக் கதைக்கே உயிர் வருகிறது.

இனித் துறைமுகத்துக்கு இறங்குவோம். ஏசி என்ற எண்ணத்தைத் தான் முன்பு அமெரிக்க உள்நாட்டுப் போர்க்கால இரும்புக் கப்பல்களுக்காக எழுதிய விளையாட்டு விதிகளிலிருந்து எடுத்ததாக ஆர்னசன் சொல்லியிருக்கிறார். கப்பலின் கவசக் கணக்கு மனிதனின் மேல் ஏறிய கதை அது. எங்கள் விறாந்தையிலிருந்து நடக்கும் தூரத்தில் இருக்கும் நீரில், அந்தக் கணக்கின் இரண்டு விடைகள் 1944இல் பக்கம் பக்கமாக நங்கூரமிட்டு நின்றன.

ஒன்று பிரித்தானிய விமானந்தாங்கி இலஸ்ட்ரியஸ். அதன் ஓடுதளத்தில் விமானக் கொட்டகைக்கு மேலாக 3 அங்குல உருக்குக் கவசம். மற்றது அமெரிக்காவின் சரடோகா. அதன் ஓடுதளம் மரப்பலகை. 1944 ஏப்ரலில் இரண்டும் திருகோணமலையிலிருந்து புறப்பட்டு, 19ஆம் திகதி சுமாத்திராவுக்கு வடக்கே உள்ள சபாங் மீது விமானங்களை ஏவின. இலஸ்ட்ரியஸிலிருந்து எழும்பியவை 30 அளவில். சரடோகாவிலிருந்து 50க்கும் மேல். சரடோகா பெரிய கப்பல், அதையும் கணக்கில் எடுக்க வேண்டும்தான். ஆனாலும் வித்தியாசத்தில் ஒரு பங்கு அந்த மூன்று அங்குலத்துக்கு உரியது. அவ்வளவு எடையை உயரத்தில் தூக்கி வைத்தால் கப்பல் சாயும். ஆகவே கொட்டகையைத் தாழ்வாகக் கட்டினார்கள். இலஸ்ட்ரியஸ் வகைக் கப்பல் 36 விமானங்களுக்கென வரையப்பட்டது. கொட்டகையின் உயரம் 16 அடி. அமெரிக்கக் கோர்செயர் விமானம் இறக்கையை மடித்தாலும் அதற்குள் நிமிர்ந்து நிற்காது. பிரித்தானியர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஒவ்வோர் இறக்கை நுனியிலும் 8 அங்குலம் வெட்டிவிட்டார்கள்.

கவசத்தை மேம்படுத்துவது என்றால் இதுதான். மேலே மூன்று அங்குலம் கூட்டினால் உள்ளே எட்டு அங்குலம் குறையும். அந்தக் கவசம் வீண் என்று சொல்லவும் முடியாது. 1941 ஜனவரியில் மால்டாவுக்கு அருகே ஜெர்மன் பாய்ந்துவீச்சு விமானங்களின் பல குண்டுகளை வாங்கியும் இலஸ்ட்ரியஸ் தன் சொந்த வலுவில் கரை சேர்ந்தது. ஒரு கனத்த குண்டு கவசத்தையே துளைத்தது. பெரும் சேதம் வந்தது கவசம் போடாத விமானத் தூக்கிகளின் பக்கமாக. ஒரே எண்ணால் சொல்ல முடியாத விஷயம் இது: எங்கே தடிப்பு, எங்கே ஓட்டை?

இந்தக் கேள்வி தமிழருக்குப் புதிதல்ல. கந்த சஷ்டி கவசத்தை முணுமுணுத்தபடி வளர்ந்த எவருக்கும் தெரியும், அது உடம்பை ஒட்டுமொத்தமாகக் காக்கச் சொல்லிவிட்டு ஓய்வதில்லை. உறுப்பு உறுப்பாகப் பெயர் சொல்லி வேலைக் காவல் நிறுத்துகிறது. 1978இல் வந்த ரூன்குவெஸ்ட் ஆட்டமும் அதே வழியில் போகிறது: தலைக்கு வேறு, காலுக்கு வேறு கவசப் புள்ளி, அடி விழுந்தபின் கவசம் அதில் ஒரு பங்கை உறிஞ்சும். மனதுக்கு அது பிடிக்கிறது. மேசையில் அது மெதுவாக நகர்கிறது. இரண்டையும் நடத்திப் பார்த்தவன் என்ற முறையில், சனிக்கிழமை மூன்று மணித்தியாலத்துக்கு நான் ஏசியையே தேர்ந்தெடுப்பேன், கொஞ்சம் வெட்கத்தோடு.

எங்கள் கோட்டையையும் பாருங்கள். 1620களில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அந்தக் கல்லைக் கொண்டே கட்டிய மதில். பிறகு ஒல்லாந்தர் பலப்படுத்தினார்கள். 1782 ஜனவரியில் ஆங்கிலேயர் பிடித்தார்கள், அதே ஆண்டு ஓகஸ்டில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சஃப்ரன் படையைத் தரையிறக்கிப் பிடித்தார். ஒரே வருடத்தில் இரண்டு கைமாற்றம். இன்று அதற்குள் புள்ளிமான்கள் நடமாடுகின்றன, அதே மதிலுக்குள்ளால்தான் கோயிலுக்கும் போகிறோம். ஆட்டத்தின் மூன்றாம் பதிப்பிலும் மதில் உதவாத இடம் ஒன்று உண்டு: வெறுமனே தொட்டாலே போதும் என்ற வகைத் தாக்குதலுக்குக் கவசத்தின் எண் சேராது. அந்தப் பதிப்பில் எனக்குப் பிடித்த விதி அது. மதில் எவ்வளவு தடிப்பு என்பதைவிட, எதிரி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று கேட்க வைக்கும் விதி. ஐந்தாம் பதிப்பில் அது இல்லாதது பிழை என்றே சொல்வேன்.

மூன்றாம் பதிப்பில் இன்னொரு நல்ல விஷயமும் இருந்தது. கூட்டல் ஏற ஏற விலை வர்க்கமாக ஏறும்: +1க்கு 1,000 பொன், +2க்கு 4,000, +5க்கு 25,000. கவசத்துக்குச் சிறப்புக் குணம் வேண்டுமென்றால் அதையும் அதே கணக்கில் சேர்க்க வேண்டும். வழமையைவிடப் பெரும் சேதம் தரும் கொடிய அடியைச் சாதாரண அடியாக்கும் குணம் நூற்றுக்கு 25 தடவை வேலை செய்தால் +1, எப்போதும் வேலை செய்தால் +5. மொத்தம் +10ஐத் தாண்டக் கூடாது. இங்கே ஆட்டக்காரர் ஒன்றை எடுக்க மற்றொன்றை விட வேண்டியிருக்கிறது. பெரிய நிலைக்கு வந்தவர்களிடம் பொன் மலையாகக் குவிந்துவிடும் என்பது அதன் பலவீனம். ஆனாலும் தெரிவு என்று ஒன்று இருந்தது.

ஐந்தாம் பதிப்பிலும் உருப்படியான மேம்பாடுகள் இல்லாமல் இல்லை. அடமன்டைன் கவசம் ஏசியை ஒரு புள்ளிகூடக் கூட்டாது. கொடிய அடியை மட்டும் சாதாரண அடியாக்கும். மித்ரில் கவசமும் கூட்டாது. சத்தம் போடாமல் நடக்க விடும், பலமில்லாதவரையும் அணிய விடும். இரண்டும் கூட்டல் கவசத்தைவிட எளிதில் கிடைப்பவை என்றுதான் புத்தகம் வரிசைப்படுத்துகிறது. எனக்கோ வரிசை தலைகீழாகத் தெரிகிறது. அடமன்டைன் அணிந்தவன் எந்த அடிக்குப் பயப்பட வேண்டியதில்லை, எதற்குப் பயப்பட வேண்டும் என்று தெரிந்து நடப்பான். +3 அணிந்தவன் மிக்சர் சாப்பிடுவான்.

கவசத்தை மட்டும் வைத்துப் பாதுகாப்பை எடைபோட்டால் என்ன விடுபடும் என்பதற்கும் இந்தத் துறைமுகமே சாட்சி. 1942 ஏப்ரல் 8 இரவு, ஜப்பானிய விமானங்கள் வருகின்றன என்ற எச்சரிக்கையில் ஹெர்மிஸ் விமானந்தாங்கி இங்கிருந்து அவசரமாகப் புறப்பட்டது. ஓடுதளத்தில் ஓர் அங்குலக் கவசம்தான். மறுநாள் மட்டக்களப்புக்கு வெளியே குண்டுமழையில் மூழ்கியது. 307 பேர் இறந்தார்கள். அன்று அந்தக் கப்பலுக்கு மூன்று அங்குலம் இருந்திருந்தாலும் போதியிருக்குமா என்று எனக்குச் சந்தேகம். விமானந்தாங்கியின் பாதுகாப்பு அதன் விமானங்கள். ஹெர்மிஸ் இங்கு வந்திருந்தது மடகஸ்கார் படையெடுப்புக்குத் தயாராக. அந்த நடவடிக்கைக்கு வைத்த பெயர் 'அயர்ன்கிளாட்', இரும்புக் கவசம் பூண்டது என்று பொருள். அதற்காகவே விமானங்களைக் கரையில் இறக்கியிருந்தார்கள்.

தம்பியின் கவசத்தைப் பறிக்க நான் விரும்பவில்லை. கொடுத்ததைப் பிடுங்குவது மோசமான நடத்துநரின் வேலை. கூட்டல் மூன்றை அப்படியே வைத்துக்கொள், ஆனால் மாயம் ஏறிய கவசம் எடையும் ஏறும், படகில் கால் வைத்தால் படகு அமிழும் என்று ஒரு வரி சேர்த்தேன். "அப்ப நான் எப்பிடி அண்ணா ஆத்தைக் கடக்கிறது?" என்று கேட்டான். மற்ற மூவரும் கைப்பேசியைக் கீழே வைத்தார்கள். ஆட்டம் நடத்தும் மற்றவர்களிடமும் இதையே கேட்கிறேன்: அடுத்த பெட்டியில் ஒரு கூட்டல் கவசத்தை வைக்குமுன், அது எதைக் குறைக்கும் என்று பக்கத்தில் எழுதிவிட்டு வையுங்கள்.